விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு பிரிண்டர் மக்கர் செய்கிறதா? எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை

ராத்திரி கடையைப் பூட்டும்போது 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' கொடுத்துவிட்டுப் போயிருப்பீர்கள். காலையில் பிரிண்ட் கொடுத்தால் 'ஆஃப்லைன்' என்கிறது, அல்லது எதுவுமே சொல்லாமல் கம்மென்று இருக்கிறது. உடனே பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: பிரிண்டரை ரிமூவ் செய்துவிட்டு, கூகுளில் முதலில் வந்த டிரைவரை இறக்கிப் போடுவது. அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் பிரிண்டரைக் கெடுப்பது அபூர்வம். டிரைவர், போர்ட், டீஃபால்ட் பிரிண்டர், பேப்பர் அளவு, ஷேரிங் அனுமதி என்று நடுவில் இருக்கும் ஏதோ ஒன்றைத்தான் மாற்றிவிடுகிறது. எது மாறியது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்தால் இருந்த தடயமும் போய்விடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் பலரும் 11-க்கு மாறியிருக்கிறார்கள். இங்கே சொல்லும் மெனு பெயர்கள் எல்லாம் விண்டோஸ் 11-ல் இருப்பவை. திரையில் ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம்.

தாள் வரும் வழி

நீங்கள் பிரிண்ட் அழுத்தியதும் வேலை முதலில் ஸ்பூலர் என்ற வரிசையில் போய் நிற்கும். அங்கிருந்து டிரைவர் அதைப் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றும். மாற்றியது போர்ட் வழியாக வெளியேறி, கேபிளிலோ வைஃபையிலோ பிரிண்டருக்குப் போகும். இந்த வழியில் எந்த இடத்தில் வேலை நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி முடிந்தது.

முதலில் கம்ப்யூட்டரை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' செய்து மறுபடி ஆன் செய்வது அதற்குச் சமமாகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். பழைய நிலையை டிஸ்கில் சேமித்து வைத்து மறுநாள் அதையே எழுப்பும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். அரைகுறையாக நின்ற அப்டேட்டும் அப்போதுதான் முழுதாக முடியும்.

அடுத்து, பிரிண்டர் மட்டும் தனியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனரோடு சேர்ந்த ஆல்-இன்-ஒன் என்றால் யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு, கண்ணாடியில் ஒரு தாளை வைத்துக் காப்பி பட்டனை அழுத்துங்கள். காப்பி ஒழுங்காக வந்தால் இங்க், ரோலர், பேப்பர் எதிலும் குறையில்லை; பிரச்சினை கம்ப்யூட்டர் பக்கம்தான். காப்பியே வரவில்லை என்றால் அப்டேட்டின் மேல் பழி போடாதீர்கள்.

பிறகு செட்டிங்ஸ் → புளூடூத் அண்ட் டிவைசஸ் → பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய், உங்கள் பிரிண்டரைத் திறந்து 'பிரிண்ட் டெஸ்ட் பேஜ்' கொடுங்கள். டெஸ்ட் பேஜ் வருகிறது, வேர்டிலிருந்து மட்டும் வரவில்லை என்றால் டீஃபால்ட் பிரிண்டரையோ பேப்பர் அளவையோ பாருங்கள். டெஸ்ட் பேஜும் வரிசையிலேயே முடங்கிக் கிடந்தால் முதலில் ஸ்பூலர், அது சரியாக இருந்தால் போர்ட். வரிசையை விட்டு மறைந்துவிட்டது, ஆனால் தாள் வரவில்லை என்றால் போர்ட். தாள் வருகிறது, எழுத்து கன்னாபின்னாவென்று இருக்கிறது என்றால் டிரைவர்.

வரிசை அடைத்துக்கொண்டால்

அப்டேட்டுக்கு முன் பாதியில் நின்ற ஒரு வேலை, பின்னால் வரும் அத்தனை வேலைகளையும் மறித்துக்கொண்டு நிற்கும். 'கேன்சல்' கொடுத்தால் 'டிலீட்டிங்' என்று காட்டிக்கொண்டே இருக்கும், போகாது. அதைக் கையால் எடுக்க வேண்டும்.

1. பிரிண்டரை ஆஃப் செய்யுங்கள்.
2. ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாப்' கொடுங்கள். அந்த ஜன்னலை மூட வேண்டாம்.
3. ஃபைல் எக்ஸ்புளோரரில் சி டிரைவ் → விண்டோஸ் → சிஸ்டம்32 → ஸ்பூல் → பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போங்கள். அனுமதி கேட்டால் 'கன்டினியூ'.
4. உள்ளே எஸ்பிஎல், எஸ்எச்டி என்று முடியும் ஃபைல்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். முதலாவது பிரிண்ட் ஆக வேண்டிய விஷயம். இரண்டாவது யார் கொடுத்தது, எந்தப் பிரிண்டருக்கு என்ற சீட்டு. எல்லாவற்றையும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் 'டிரைவர்ஸ்' ஃபோல்டர் பக்கமே போக வேண்டாம்.
5. சர்வீசஸ் ஜன்னலுக்குத் திரும்பி 'ஸ்டார்ட்' கொடுத்து, பிரிண்டரை ஆன் செய்து, ஒரே ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள்.

விண்டோஸில் இருக்கும் பிரிண்டர் டிரபிள்ஷூட்டரும் பெரும்பாலும் ஸ்பூலரை நிறுத்தித் தொடங்கும் இந்த வேலையைத்தான் செய்து பார்க்கும். கையால் செய்தால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

ஸ்பூலரை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் அதுவே மறுபடி நின்றுவிட்டால் வரிசையின் மேல் குற்றமில்லை. ஒரு பழைய டிரைவர் அதைக் கீழே தள்ளுகிறது. எப்போதோ வாங்கி, எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டரின் டிரைவர்கூட அதைச் செய்யும். நீக்கும் முறை கீழே டிரைவர் பகுதியில் இருக்கிறது.

டீஃபால்ட்டும் பேப்பரும்: சின்ன விஷயம், நிறைய அலைச்சல்

பிரிண்ட் கொடுத்ததும் 'எங்கே சேமிக்க வேண்டும்' என்று கேட்கிறதா? டீஃபால்ட், 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்'புக்கு மாறியிருக்கிறது. பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தின் கீழே 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்' என்பதை ஆஃப் செய்துவிட்டு உங்கள் பிரிண்டரை டீஃபால்ட் ஆக்குங்கள். அது ஆனில் இருந்தால், கடைசியாக எதில் பிரிண்ட் கொடுத்தீர்களோ அதையே விண்டோஸ் டீஃபால்ட்டாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று பிரிண்டர் இருக்கும் இடத்தில் இது தீராத தலைவலி.

பேப்பர் விஷயம் இதைவிட ஏமாற்றும். டிரைவர் மாறும்போது பேப்பர் அளவு ஏ4-லிருந்து அமெரிக்காவின் லெட்டர் அளவுக்குப் போய்விடுவது உண்டு. ஏ4 என்பது 210-க்கு 297 மில்லிமீட்டர். லெட்டர் 216-க்கு 279. டிரே நிறையத் தாள் இருக்கும், பிரிண்டரோ மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு தாள் கேட்கும். அது கேட்பது லெட்டர் தாளை. சில பிரிண்டர்கள் கேட்காமலே அடித்துக் கீழ்ப்பக்கம் சுமார் 2 செ.மீ. வெள்ளையாக விட்டுவிடும். இதைச் சரிசெய்ய இரண்டு இடம் இருக்கிறது: பிரிண்டரின் 'பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்' ஒன்று, 'பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்' → அட்வான்ஸ்ட் → 'பிரிண்டிங் டீஃபால்ட்ஸ்' இன்னொன்று. முதலாவது உங்கள் லாகினுக்கு மட்டும். இரண்டாவது அந்தக் கம்ப்யூட்டரில் வரும் எல்லோருக்கும். பத்திரம், கோர்ட் தாள் என்று லீகல் அளவில் அடிப்பவர்கள் 216-க்கு 356 பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டிரைவர்: பெரும்பாலும் இங்கேதான்

அப்டேட், குறிப்பாக 10-லிருந்து 11-க்குப் போகும் பெரிய அப்டேட், கம்பெனி டிரைவரை எடுத்துவிட்டு விண்டோஸின் பொது டிரைவரைப் பொருத்திவிடுவது உண்டு. உங்களிடம் இப்போது எது இருக்கிறது என்று பார்க்க: பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ் → அட்வான்ஸ்ட் → 'டிரைவர்' என்ற கட்டம். அதில் உங்கள் மாடலின் பெயர் இருந்தால் சரி. 'மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர்' என்றோ 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' என்றோ இருந்தால் மாற்றம் நடந்திருக்கிறது.

ஐபிபி கிளாஸ் டிரைவர் புதிய வைஃபை பிரிண்டர்களுக்கு நன்றாகவே ஓடும். கம்பெனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. போகும் திசை அதுதான். ஆனால் நம் ஊர்க் கடைகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 போன்றவை வேறு ஜாதி. பக்கத்தை உருவாக்கும் மூளை வேலை முழுவதையும் கம்ப்யூட்டரே செய்து, புள்ளிகளாக அனுப்ப வேண்டும். 1020 இன்னும் ஒரு படி மேலே: தன்னை இயக்கும் ஃபர்ம்வேரையே அது தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிரைவர்தான் அதை ஊட்டிவிட வேண்டும். அதனால் டிரைவர் போய்விட்டால் 1020 வெறும் பிளாஸ்டிக் பெட்டி. எல்பிபி 2900, கேனனின் சொந்த மொழியான கேப்ட் தவிர வேறெதையும் புரிந்துகொள்ளாது. இவற்றுக்குப் பொது டிரைவரையோ, பெயரில் நெருங்கி வரும் வேறு மாடலின் டிரைவரையோ போட்டுப் பார்ப்பது நேர விரயம். பக்கத்துக்கு ஒரு வரி வீதம் கிறுக்கல் எழுத்துகள் அடித்துத் தாளை விழுங்கும். அப்படி ஆரம்பித்தால் முதலில் பிரிண்டரை ஆஃப் செய்யுங்கள், பிறகு வரிசையைக் காலி செய்யுங்கள். இந்த இரண்டையும் முன்பின்னாக மாற்றிச் செய்தால் தாள் வந்துகொண்டே இருக்கும்.

பழைய டிரைவரை முழுதாக எடுத்துப் புதிதாகப் போடும் முறை:

1. யுஎஸ்பி கேபிளைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் கழற்றுங்கள்.
2. பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸில் அந்தப் பிரிண்டரைத் திறந்து 'ரிமூவ்'. 'காப்பி 1' என்று வாலோடு நிற்கும் இரட்டைகளையும் சேர்த்து எடுங்கள்.
3. அதே பக்கத்தின் கீழே 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' → டிரைவர்ஸ். மாடலைத் தேர்ந்து 'ரிமூவ்', அதில் 'ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்'. வெறும் டிரைவரை மட்டும் எடுத்தால் கேபிள் செருகியதும் விண்டோஸ் அதே கெட்டுப்போன பேக்கேஜிலிருந்து மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்ளும். பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.
4. 'இன் யூஸ்' என்று மறுத்தால், சர்வீசஸில் ஸ்பூலரை 'ரீஸ்டார்ட்' செய்து, அது எழுந்த கையோடு உடனே ரிமூவ் கொடுங்கள். டிரைவரை யாரும் பிடித்துக்கொள்வதற்கு முந்தின அந்தச் சில நொடிகளில் போய்விடும்.
5. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
6. கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் உங்கள் மாடலுக்கான 64-பிட் டிரைவரை இறக்கி, ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'.
7. அது கேட்கும் நேரத்தில்தான் கேபிளைச் செருக வேண்டும். முன்கூட்டியே செருகினால் விண்டோஸ் முந்திக்கொண்டு தன் டிரைவரைப் போட்டுவிடும்.

64-பிட் என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது. பழைய கம்ப்யூட்டர்களில் ஓடிய 32-பிட் விண்டோஸுக்கென்று பென் டிரைவில் பத்திரப்படுத்தி வைத்த செட்டப் இதில் ஏறாது. எல்பிபி 2900-க்குக் கேனன் 64-பிட் கேப்ட் டிரைவர் தந்திருக்கிறது, அதைப் போடுங்கள். ஸ்னாப்டிராகன் சிப் வைத்த புது லேப்டாப்பாக இருந்தால் நிலைமை வேறு: அதற்கு ஆர்ம் 64 டிரைவர் தேவை, பழைய மாடல்கள் பலவற்றுக்கு அது இல்லை. அங்கே மல்லுக்கட்டாமல் பிரிண்டரை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிவிடுவதே மேல்.

கம்பெனி டிரைவர் ஏறவே மறுக்கிறது, இருந்த பிரிண்டரும் பட்டியலிலிருந்து காணாமல் போயிற்று என்றால் இன்னொன்றைப் பாருங்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் 'விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்' என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்திலேயே இருக்கும். பாதுகாப்பு என்று பெயரைப் பார்த்து யாராவது ஆன் செய்திருந்தால், கம்பெனி டிரைவர்கள் எல்லாம் வெளியே. கம்பெனி டிரைவர் இல்லாமலே ஓடும் பொதுத் தரத்துக்கான மோப்ரியா சான்று பெற்ற பிரிண்டர்கள் மட்டுமே ஓடும். ஆஃப் செய்துவிட்டு டிரைவரை மறுபடி போட வேண்டும்.

பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் இல்லை என்று ஆல்-இன்-ஒன்காரர்கள் சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். பொது டிரைவர் பிரிண்ட்டைப் பார்த்துக்கொள்ளும், கம்பெனியின் ஸ்கேன் புரோகிராம் அதோடு வராது. முழு செட்டப்பையும் போட்டால் ஸ்கேன் திரும்பி வரும்.

போர்ட்டும் கேபிளும்

டிரைவர் சரி, அடைத்த வரிசையையும் காலி செய்தாயிற்று, ஆனாலும் 'ஆஃப்லைன்'. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ் → போர்ட்ஸ் திறந்து எதில் டிக் இருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி001-ல் டிக் இருக்கும். பிரிண்டரோ அப்டேட்டுக்குப் பிறகு யுஎஸ்பி002-ல் போய் உட்கார்ந்திருக்கும். கேபிளை வேறு ஓட்டையில் மாற்றிச் செருகினாலும் இதே கதை. சரியான போர்ட்டில் டிக் செய்து 'அப்ளை' கொடுத்தால் போதும். தேங்கி நின்ற தாள்கள் மளமளவென்று வரத் தொடங்கும். எது சரியான போர்ட் என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றி டெஸ்ட் பேஜ் கொடுத்துப் பாருங்கள், எதுவும் கெடாது.

காலையில் முதல் பிரிண்ட் மட்டும் போகவில்லை, கேபிளைப் பிடுங்கிச் செருகினால் போகிறது என்றால் கரன்ட் சிக்கனம் காரணம். டிவைஸ் மேனேஜர் → யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ் → 'யுஎஸ்பி ரூட் ஹப்' ஒவ்வொன்றையும் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலில் இருக்கும் டிக்கை எடுங்கள். பழைய லேசர் பிரிண்டரை நீல நிற ஓட்டையில் மாட்டியிருந்தால் கறுப்பு நிற ஓட்டைக்கு மாற்றிப் பாருங்கள். கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, நடுவில் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

வைஃபை பிரிண்டரில் போர்ட் பெயர் 'டபிள்யூஎஸ்டி' என்று தொடங்கினால் அதையே முதலில் சந்தேகப்படலாம். பிரிண்டரைத் தானாகத் தேடிப் பிடிக்கும் முறை அது. தேடல் தவறினால் உடனே ஆஃப்லைன். நிரந்தரமாகத் தீர்க்க, பிரிண்டரின் ஐபி எண்ணை அதன் திரையிலோ நெட்வொர்க் ரிப்போர்ட்டிலோ பாருங்கள், 192.168.1.50 போல இருக்கும். ரூட்டரில் அந்த எண்ணை அந்தப் பிரிண்டருக்கே ஒதுக்கி வையுங்கள். பிறகு போர்ட்ஸ் → 'ஆட் போர்ட்' → 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' → அந்த எண். அப்படியும் ஆஃப்லைன் காட்டினால் 'கான்ஃபிகர் போர்ட்' உள்ளே 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். பிரிண்டரை நலம் விசாரித்துவிட்டுப் பதில் வராவிட்டால் ஆஃப்லைன் என்று முடிவு கட்டும் வசதி அது. சில பிரிண்டர்கள் விசாரிப்புக்குப் பதில் சொல்லாது, பிரிண்ட் மட்டும் அடிக்கும்.

ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, மற்றதில் பங்கு போடும்போது

கடைக்கு இரண்டு மூன்று கம்ப்யூட்டர், பிரிண்டர் ஒன்று. இந்த ஏற்பாட்டை அப்டேட்கள் படுத்துவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2021 ஜூலையில் ஸ்பூலரில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. பிரிண்டர் டிரைவர் என்ற பெயரில் யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முழுவதையும் பிடித்துக்கொள்ளலாம் என்ற நிலை. அதை அடைக்க மைக்ரோசாஃப்ட் வரிசையாகப் பூட்டுப் போட்டது. 2021 ஆகஸ்ட் முதல், ஷேர் செய்த பிரிண்டரின் டிரைவரை ஏற்ற அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும். செப்டம்பரில் இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவிலான பேச்சும் இறுக்கப்பட்டது. 11பி என்று முடியும் பிழை எண் அப்போது பரவலாக வந்ததுதான். விண்டோஸ் 11-ன் 22எச்2-வில் அந்தப் பேச்சு நடக்கும் பாதையையே மாற்றினார்கள். 709 என்று முடியும் பிழை வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

முதலில் இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே மாத அப்டேட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று புதிது, ஒன்று ஆறு மாதம் பழையது என்றால் இரண்டும் ஒன்றின் பேச்சை மற்றொன்று ஏற்காது. அடுத்து இரண்டிலும் செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்டில் இணைப்பு 'பிரைவேட்' என்று இருக்கிறதா பாருங்கள். 'பப்ளிக்' என்று மாறியிருந்தால் ஷேரிங் மூடப்படும். 'அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸ்' உள்ளே பிரைவேட்டுக்குக் கீழ் இருக்கும் இரண்டு பட்டன்களும் ஆனில் இருக்க வேண்டும்.

பிறகு பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் இல்லாமல் விருந்தாளியாக நுழையும் பழைய வழக்கத்தை 24எச்2 அடைத்துவிட்டது. பிரிண்டர் மாட்டிய கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டோடு ஒரு லோக்கல் யூசரை உருவாக்குங்கள். மற்ற கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் பேனல் → கிரெடென்ஷியல் மேனேஜர் → விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் → 'ஆட்' போய், முதல் கம்ப்யூட்டரின் பெயர், அந்த யூசர், பாஸ்வேர்ட் மூன்றையும் கொடுங்கள். ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் நேராக ஃபோல்டரில் வந்து விழும் வசதி அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோனதற்கும் காரணம் இதே பூட்டாக இருக்கலாம். மெஷினின் முகவரிப் பட்டியலில் யூசரும் பாஸ்வேர்டும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் லோக்கல் போர்ட் வழி இருக்கிறது. மற்ற கம்ப்யூட்டரில் முதலில் அந்தப் பிரிண்டரின் டிரைவரைப் போடுங்கள். பிறகு 'ஆட் டிவைஸ்' → 'ஆட் மேனுவலி' → 'ஆட் எ லோக்கல் பிரிண்டர்' → 'கிரியேட் எ நியூ போர்ட்' → 'லோக்கல் போர்ட்'. பெயர் கேட்கும் இடத்தில் இரண்டு பின்சாய்வுக் கோடு, முதல் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பிரிண்டரின் ஷேர் பெயர். டிரைவரை நீங்களே கையால் தேர்ந்தெடுப்பதால் தொல்லை தரும் அந்தப் பேச்சுவார்த்தை இதில் நடப்பதே இல்லை. ஷேர் பெயரில் இடைவெளி இல்லாமல் சின்னதாக வைத்தால் தட்டச்சுப் பிழை வராது.

விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் 11பி போய்விடும் என்று பல வீடியோக்கள் சொல்லித் தருகின்றன. போகும்தான். அடைத்த ஓட்டையை மறுபடி திறந்துவிட்டுத்தான் போகும். கஸ்டமர் பென் டிரைவ்களை நாள் முழுக்கச் செருகும் கம்ப்யூட்டரில் அதைச் செய்யாதீர்கள்.

அப்டேட்டே குற்றவாளியாக இருந்த சமயங்கள்

நம் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் அப்டேட்டே தவறாக வருவதும் உண்டு. 2021 மார்ச்சில் வந்த ஒன்று, கியோசெரா, ரிக்கோ, ஜீப்ரா பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்த நொடியில் நீலத்திரை காட்டியது. சில நாளில் திருத்தம் வந்தது. 2023 டிசம்பரில் யாரும் கேட்காமலே 'எச்பி ஸ்மார்ட்' ஆப் ஏறி, வேறு கம்பெனிப் பிரிண்டர்களின் பெயர்கூட 'எச்பி லேசர்ஜெட் எம்101-எம்106' என்று மாறியது. 2025 ஜனவரி கடைசியில் வந்த முன்னோட்ட அப்டேட்டால் சில யுஎஸ்பி பிரிண்டர்கள், ஆன் செய்தவுடன் யாரும் கொடுக்காத தாளைத் துப்பின. தாளின் மேல் 'போஸ்ட்' என்று தொடங்கும் ஒரு வரி ஆங்கிலம். கம்ப்யூட்டர் பிரிண்டருக்குச் சொன்ன ரகசியச் செய்தியை, பிரிண்டர் அச்சடிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் அதற்குத் திருத்தம் வந்தது.

நேற்று வரை ஓடியது, அப்டேட் ஆன அதே நாளில் நின்றது, மேலே சொன்னவை எதுவும் உதவவில்லை என்றால் அப்டேட்டையே எடுத்துப் பார்க்கலாம். விண்டோஸ் அப்டேட் → அப்டேட் ஹிஸ்டரி → 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. அதற்கு முன் அதன் கேபி எண்ணை, அதாவது அந்த அப்டேட்டின் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். எடுத்தபின் பிரிண்டர் ஓடினால், அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தும் 'பாஸ்' கொடுங்கள். அதிகபட்சம் 5 வாரம் நிறுத்தி வைக்கலாம், அதற்குள் திருத்தம் வந்ததா பாருங்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே நிற்கும் என்பதால் நிரந்தரமாக நிறுத்தி வைக்க வேண்டாம். 10-லிருந்து 11-க்கு மாறிய கம்ப்யூட்டர் என்றால், சிஸ்டம் → ரெக்கவரி → 'கோ பேக்' மூலம் திரும்பலாம். அதற்கு 10 நாள்தான் கெடு. நடுவில் இடம் வேண்டும் என்று 'விண்டோஸ் டாட் ஓல்டு' ஃபோல்டரை அழித்திருந்தால் அதுவும் இல்லை.

பில் பிரிண்டரும் தமிழ் எழுத்தும்

டாட் மேட்ரிக்ஸில் பில் அடிப்பவர்களுக்கு அப்டேட்டுக்குப் பிறகு வரும் தொல்லை தனி ரகம். ஒரு பில் அடித்ததும் அடுத்த பில்லின் பாதி வரை தாள் ஓடிவிடும். தனியாக உருவாக்கி வைத்த பேப்பர் அளவு போய், 11 அங்குல லெட்டருக்கு மாறியிருப்பதுதான் காரணம். பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ் → ஃபார்ம்ஸ் → 'கிரியேட் எ நியூ ஃபார்ம்' டிக் செய்து, பெயர் வைத்து, அகலமும் உயரமும் கொடுங்கள். உயரத்தை ஸ்கேலால் அளக்கும்போது ஒரு பில்லின் கிழிக்கும் கோட்டிலிருந்து அடுத்த கிழிக்கும் கோடு வரை அளக்க வேண்டும். 6 அங்குலம் என்றால் 6.00. கால் அங்குலம் தவறினாலும் பத்தாவது பில்லில் இரண்டரை அங்குலம் தள்ளிப்போயிருக்கும். பிறகு பிரிண்டிங் பிரிஃபரன்சஸிலும் பில்லிங் சாஃப்ட்வேரிலும் அந்த ஃபார்மையே தேர்ந்தெடுங்கள்.

ஆங்கிலம் சரியாக வந்து, தமிழ் மட்டும் கட்டம் கட்டமாகவோ எழுத்துக்கு எழுத்து மாறியோ வந்தால், எழுத்துருவை டிரைவர் தவறாகக் கையாள்கிறது. பழைய யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் தயாரித்த பிடிஎஃப்களில் இது அதிகம். அடோபி ரீடரில் பிரிண்ட் ஜன்னலில் 'அட்வான்ஸ்ட்' → 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' கொடுத்தால் பக்கம் படமாகப் போய் சரியாக வரும். கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். வேர்டிலிருந்து என்றால் டிரைவரில் 'சென்ட் ட்ரூடைப் ஆஸ் பிட்மேப்ஸ்' என்ற வசதி இருக்கிறதா பாருங்கள்.

விண்டோஸை ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டவர்களுக்கு இன்னொன்று. லதா எழுத்துருவில் அடித்து வைத்த விண்ணப்பம், பத்திரம் எல்லாம் இப்போது பக்கம் தள்ளி, கையெழுத்து வரி அடுத்த தாளுக்குப் போகிறதா? பிரிண்டரைத் திட்டாதீர்கள். லதா இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. அது இல்லாததால் நிர்மலா என்ற எழுத்துரு வந்து உட்கார்ந்து வரி நீளத்தை மாற்றுகிறது. செட்டிங்ஸ் → சிஸ்டம் → 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்த்தால் லதா, விஜயா இரண்டும் திரும்பும்.

அடுத்த அப்டேட் வருவதற்குள்

மாதாந்திர அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நமக்கு அன்றிரவு வெளியாகும். மாதக் கடைசியில் 'பிரிவ்யூ' என்ற பெயரோடு வருபவை கட்டாயமில்லை, கடைக் கம்ப்யூட்டரில் அவற்றைத் தொட வேண்டாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'கெட் தி லேட்டஸ்ட் அப்டேட்ஸ் ஆஸ் சூன் ஆஸ் தே ஆர் அவெய்லபிள்' ஆஃபில் இருக்கட்டும்.

பிரிண்டர் நன்றாக ஓடும் இன்றைக்கே பிரிண்டர் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, அட்வான்ஸ்ட், போர்ட்ஸ் தாவல்களையும், பிரிண்டிங் பிரிஃபரன்சஸின் பேப்பர் பக்கத்தையும் போனில் மூன்று படம் எடுத்து வையுங்கள். பில் பிரிண்டர் இருந்தால் ஃபார்ம் அளவையும் சேர்த்து நான்கு. 64-பிட் டிரைவர் செட்டப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, மாடல் பெயரை அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள்.